ஆர்டெட்டாவின் பெஞ்ச்: முதல் பாதியை ஏன் தானம் பண்றோம்?

நள்ளிரவு_கன்னர் | 21 செப்டம்பர் 2025, இரவு 11:20

ஒரு திரையில துபாய், இந்தியா–பாகிஸ்தான். இன்னொரு திரையில எமிரேட்ஸ் மைதானம், பிரீமியர் லீக், நம்ம ஆர்சனல் ஆளுங்களும் மான்செஸ்டர் சிட்டியும். 9ஆவது நிமிஷத்துலயே ஹாலண்ட் கோல் போட்டுட்டாரு. அதுக்கப்புறம் எண்பத்தி சொச்சம் நிமிஷம் சுவத்துல முட்டிட்டு இருந்தோம். 90+3ல ஈஸே பின்னாடியிருந்து தூக்கிக் கொடுக்க, மார்ட்டினெல்லி சிட்டி கோலி டொன்னருமா தலைக்கு மேல லாவகமா போட்டாரு பாருங்க, நான் கத்துன கத்துல பக்கத்து வீட்டு அங்கிள் சிக்ஸ் போயிருச்சோன்னு கேட்டை திறந்துட்டு வந்துட்டார்.

கத்தி முடிச்சு உக்காந்ததும் வந்தது கோவம்தான்.

ரைஸ், ஸுபிமெண்டி, மெரினோ. சொந்த மைதானத்துல நடுவுல மூணு பேருமே வேலி காக்குறவங்க. ஆகஸ்ட் 31 லிவர்பூலோட ஆன்ஃபீல்டுலயும் இதே மூணு பேர். அங்க ஈஸேவுக்குக் கிடைச்சது கடைசி இருபது நிமிஷம். 83ல சோபோஸ்லாய் ஃப்ரீகிக், 1-0, ஊருக்குக் கிளம்பிட்டோம். இன்னிக்கு என்னடான்னா நம்ம மேனேஜர் ஆர்டெட்டா இடைவேளைல ஈஸேவையும் சாக்காவையும் ஜோடியா இறக்குறார். இதுக்குப் பேரு சப்ஸ்டிட்யூஷனா? நான் போட்ட பதினொன்னு தப்புன்னு அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி இல்ல?

மாத்து ஆளை எத்தனாவது நிமிஷம் இறக்குறார்ங்கறதைப் பத்தி நாம பேசிப் பேசி அலுத்துட்டோம். எனக்கு அது முக்கியமில்ல. அவர் இறக்குறது திட்டமா, ரிப்பேரா? அதை மட்டும் யாராவது சொல்லுங்க.

---

கணக்குப்பிள்ளை | 21 செப்டம்பர், இரவு 11:52

உணர்ச்சியைக் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு விதியைப் பாருங்க. அஞ்சு பேரை மாத்தலாம், ஆனா ஆட்டத்தை நிறுத்தி மாத்த மூணு வாய்ப்புதான். இடைவேளைல மாத்தினா அந்த மூணுல சேராது, அது இலவசம். ரெண்டு பேரை மாத்தணும்னு ஒரு மேனேஜர் முடிவு பண்ணிட்டா 55ல மாத்துறதைவிட 45ல மாத்துறதுதான் புத்திசாலித்தனம். மிச்ச மூணு வாய்ப்பும் கைல இருக்கும். மார்ட்டினெல்லி 80ல உள்ள வந்தது அந்தச் சேமிப்புலதான்.

அடுத்தது சாக்கா. ஆகஸ்ட் 23 லீட்ஸ் மேட்ச்ல தொடையைப் பிடிச்சுக்கிட்டு வெளிய போனவர். இப்பத்தான் திரும்பியிருக்கார். அவருக்கு இன்னிக்கு 45 நிமிஷம்தான் ரேஷன்னு மருத்துவர் பக்கம் சொல்லியிருந்தா, அதை முதல் பாதில செலவு பண்றதா, ரெண்டாவது பாதிலயா? நீங்களே சொல்லுங்க.

---

நள்ளிரவு_கன்னர் | 21 செப்டம்பர், இரவு 11:58

சாக்கா விஷயத்தை விட்டுத் தர்றேன். மெரினோ வெளிய, ஈஸே உள்ள? ஈஸேவுக்குத் தொடைல என்ன பிரச்சினை? நல்லா தின்னுட்டு, நல்லா தூங்கிட்டு, பெஞ்சுல உக்காந்திருந்தார்.

---

சிவப்பு_சாத்தான் | 22 செப்டம்பர், காலை 8:05

மான்செஸ்டர் யுனைடெட் ஆளு இங்க வரலாமா? இப்ப எங்களுக்கு வாய் திறக்கற தகுதி இல்லதான், ஆனா பெஞ்ச்னு பேச்சு வந்தா சும்மா இருக்க முடியல.

பிப்ரவரி 6, 1999. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஊர்ல போய் 8-1. அதுல சோல்ஷார் மட்டும் நாலு கோல். உள்ள வந்தது கடைசி இருபது நிமிஷத்துக்கும் குறைவா இருக்கறப்ப. அதே வருஷம் மே மாசம் கேம்ப் நோவுல பயர்ன் மியூனிக்கோட சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், ஷெரிங்ஹாம் உள்ள வந்தார், சோல்ஷார் உள்ள வந்தார், 90 நிமிஷம் முடிஞ்சு காயநேரத்துல ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணு. அன்னிக்கு எங்க மேனேஜர் ஃபெர்குசன் கைல யார்க், ஆண்டி கோல், ஷெரிங்ஹாம், சோல்ஷார்னு நாலு முன்வரிசை. நாலு பேருக்குமே தெரியும், வருஷம் முழுக்க யாருக்கும் எல்லா மேட்சும் கிடைக்காதுன்னு. சோல்ஷார் பெஞ்சுல உக்காந்துக்கிட்டு எதிர் பேக் எந்தப் பக்கம் சாயறான், எங்க சோர்ந்துபோறான்னு படிச்சுட்டே இருப்பாராம். அந்த நாலு கோலையும் பாருங்க, ஓடிக் களைச்சவன் போட்ட கோல் மாதிரியே இருக்காது.

அதோட முந்தாநாள் எங்க மைதானத்துல ஒரு கூத்து. செல்சி கோலி சான்செஸ் அஞ்சாவது நிமிஷமே சிவப்பு. அவங்க மேனேஜர் மரெஸ்கா உடனே ரெண்டு விங்கரையும் தூக்கிட்டார். 21ல பால்மரும் வெளிய. அரை மணிக்குள்ள மூணு சப். ஈஸே 45 நிமிஷம் உக்காந்ததுக்கே நீங்க அழறீங்க.

---

ஹைபரி தாத்தா | 22 செப்டம்பர், காலை 10:40

தம்பிகளே, வயதானவன் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே இங்கிலாந்து லீகில் 1965-66 சீசனில்தான் வந்தது. முதலில் இறங்கியவர் சார்ல்டன் அணியின் கீத் பீக்காக், 1965 ஆகஸ்ட் 21 அன்று போல்டனுக்கு எதிராக. அவர் யாருக்குப் பதிலாக வந்தார் தெரியுமா? அடிபட்ட கோலிக்கு! காயம் பட்டால் மட்டும்தான் மாற்றலாம் என்பது அன்றைய விதி. இரண்டு வருடம் கழித்துத்தான் எந்தக் காரணத்துக்காகவும் மாற்றலாம் என்று ஆனது. உலகக் கோப்பைக்கு இது 1970இல்தான் போய்ச் சேர்ந்தது. ஆக, 'ரிப்பேர்' என்று நள்ளிரவு தம்பி கேலி செய்கிறாரே, இந்த ஏற்பாடு பிறந்ததே ரிப்பேருக்காகத்தான்.

ஆனால் தம்பியின் கோபத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. என் நெஞ்சில் இன்னும் ஆறாத ஒன்றைச் சொல்கிறேன். 2006 மே 17, பாரிஸ், பார்சிலோனாவுக்கு எதிராகச் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். 18ஆவது நிமிடம் நம் கோலி லேமனுக்குச் சிவப்பு அட்டை. மாற்று கோலி அல்முனியா உள்ளே வர யாராவது ஒருவர் வெளியே போக வேண்டும். நம் மேனேஜர் வெங்கர் பீரஸைக் கூப்பிட்டார். பீரஸ் பிறந்து வளர்ந்த நாட்டில் ஃபைனல், கால் மணி நேரம் சொச்சம் ஆடிவிட்டு வெளியேறினார். அந்தக் கோடையிலேயே வியாரியாலுக்குப் போய்விட்டார். தந்திரமாகப் பார்த்தால் வெங்கர் செய்ததைத் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. இருந்தாலும் பீரஸ் அந்தக் கோட்டைத் தாண்டி நடந்த நடையை இன்றும் பார்க்க முடியவில்லை.

அந்தப் பக்கம் பார்சிலோனா மேனேஜர் ரைக்கார்ட் என்ன செய்தார்? இடைவேளையில் இனியெஸ்டா. ஒரு மணி நேரம் ஆனதும் லார்சன். அப்புறம் பெலெட்டி. 76இல் லார்சன் தொட்டுவிட எட்டோ கோல். 80இல் லார்சன் கொடுக்க பெலெட்டி கோல். நம்மிடமிருந்து கோப்பையைப் பறித்தது பார்சிலோனாவின் பெஞ்ச்.

வெங்கர் காலத்தில் 70ஆவது நிமிடம் என்றால் நாங்கள் கடிகாரத்தையே திருத்தி வைத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு வழக்கம். இன்று இடைவேளையிலேயே மாற்றுகிறார் என்று திட்டுகிறீர்கள். எங்களுக்கெல்லாம் அது கனவு.

---

ஈஸ்ட்ஹாம்காரன் | 22 செப்டம்பர், மாலை 6:15

நான் நேற்று கிரவுண்டிலதான் இருந்தனான். சினேகிதன் ஒருத்தன்ர சீட், கோர்னர் கொடிக்குக் கிட்ட. டிவியில உங்களுக்குத் தெரியாத ஒண்டைச் சொல்லுறன்.

எல்லாரும் ஆர்டெட்டாவைப் பற்றிக் கதைக்கிறியள். ஆட்டத்தை மாத்தினது சிட்டி மேனேஜர் பெப்பின்ர சப். ஃபோடனை எடுத்தார், பிறகு ஹாலண்டையும் எடுத்தார், பின்னுக்கு அஞ்சு பேரை வரிசையா நிப்பாட்டினார். பெப் குவார்டியோலா! சிட்டிக்குப் பந்து கிடைச்சது 33 வீதம்தான், அந்த மனுசன்ர லீக் வாழ்க்கையிலயே ஆகக் குறைவு. ஹாலண்ட் வெளியில போன நிமிசம் எங்கட பக்கத்தில இருந்த கிழவர் ஒருத்தர் எழும்பிக் கைதட்டினவர். எனக்கு முதல்ல விளங்கேல்ல. "இனி கேப்ரியலுக்கு ஆரையும் பாக்கத் தேவையில்லை, அவனும் முன்னுக்குப் போகலாம்" எண்டார். சரிதானே? எங்கட டிஃபென்டர்கள் சலிபாவும் கேப்ரியலும் அதுக்குப் பிறகு நடுக்கோட்டில நிண்டுதான் விளையாடினவை.

இதே பெப்தான் 2023 மே மாசம் மட்ரிட்டில ஒரு சப்பும் செய்யாம 90 நிமிசம் விளையாடி 1-1 எடுத்தவர். அதுக்கு முதல் வருசம் கிரிஸ்டல் பேலஸில 0-0, அங்கயும் ஒரு மாற்றமும் இல்லை. தன்ர பதினொரு பேரிலயும் நம்பிக்கை இருந்தா பெஞ்சைத் திரும்பியும் பாக்க மாட்டார். அப்பிடிப்பட்ட ஆள் நேற்று இப்பிடிச் செய்யிறார் எண்டா, கால்கள் முடிஞ்சு போச்சு எண்டுதான் அர்த்தம். வியாழக்கிழமை நாப்போலியோட விளையாடிப்போட்டு வந்தவை. நாங்கள் செவ்வாய். ரெண்டு நாள் வித்தியாசம், அந்த 93ஆவது நிமிசத்தில அதுவும் சேர்ந்துதான் ஓடினது.

---

தூத்தூர் விங்கர் | 22 செப்டம்பர், இரவு 9:30

மக்களே, நான் கணக்கு வழக்கு தெரிஞ்சவன் இல்ல. பெஞ்சுல உக்காந்து தேஞ்சவன். அதனால ஒரு காரியம் சொல்லணும்.

எங்க கடப்புறத்துல பந்துன்னா உயிரு. ஊருக்கு ஊரு டீம், ராத்திரி லைட்டு போட்டு டோர்னமென்ட், ஊரே வந்து நிக்கும். நான் மூணு வருசம் ஒரு டீம்ல சப். எங்க கோச், பேரு வேண்டாம், மேட்ச் முடிய பத்து நிமிசம் இருக்கப்ப திடீர்னு திரும்பி விரலைக் காட்டுவார். அதுவரைக்கும் நான் ஷூ லேஸை அவுக்கறதும் கட்டறதுமா இருப்பேன். கால் மரம் மாதிரி இருக்கும். உள்ள போன உடனே ரெண்டு தடவை வேகமா ஓடினா போதும், நெஞ்சு கிழிஞ்சுரும். மத்த இருபது பேரும் ஆட்டத்தோட வேகத்துல இருப்பான், நான் மட்டும் கரையில நிக்கற வள்ளம் மாதிரி. முதல் பந்து கால்ல பட்டா எங்கயோ போகும். ஊரே சிரிக்கும்.

நாலாவது வருசம் வேற கோச் வந்தார். அவர் மேட்சுக்கு முன்னாடியே சொல்லிருவார்: "நீ இடைவேளை முடிஞ்சு இருபதாவது நிமிசம் போற, அவனுக்க வலது பேக் அப்ப செத்திருப்பான், உள்ள வெட்டாத, வெளிய போ." அவ்வளவுதான் சொல்லுவார். நான் அம்பது நிமிசமும் அந்த வலது பேக்கை மட்டும் பாத்துட்டே இருப்பேன். அவன் எப்ப இடுப்புல கைவைக்கான், எப்ப தண்ணி கேக்கான். பதினஞ்சு நிமிசத்துக்கு முன்னாடியே எழும்பி ஓட ஆரம்பிச்சிருவேன். அந்த வருசம் ஏழு கோல், ஏழும் சப்பா இறங்கிப் போட்டது.

போன செவ்வாய்க்கிழமை பில்பாவோவுல மார்ட்டினெல்லி உள்ள போய் 36 விநாடியில கோல் போட்டானே, அதைப் பாத்து எனக்குக் கண்ணு நெறஞ்சுட்டு. 36 விநாடியில எனக்குப் பந்து எங்க இருக்குன்னே தெரியாது! அவனுக்குப் பந்து கொடுத்த ட்ரோசார்டும் சப்பு. கடைசில இவன் கொடுத்து அவன் போட்டான். ரெண்டு பேரும் பெஞ்சுல பக்கத்துல பக்கத்துல உக்காந்து பேசி வெச்சுட்டு வந்த மாதிரி இருந்துது. நள்ளிரவு அண்ணன் திட்டமா ரிப்பேரான்னு கேட்டாருல்லா, அது திட்டம் மக்களே. சொல்லி வெக்காம ஒருத்தனால அப்படி இறங்க முடியாது.

---

நள்ளிரவு_கன்னர் | 22 செப்டம்பர், இரவு 10:12

விங்கர் அண்ணே, இதைப் படிச்சதும் மொதல்ல எழுதினதை அழிச்சுடலாமான்னு தோணுச்சு. அழிக்க மாட்டேன், ஆனா தோணுச்சு.

ஆர்டெட்டா இப்ப பெஞ்சுல இருக்கறவங்களை ஃபினிஷர்ஸ்னுதான் கூப்பிடறார். நமக்கு ஃபினிஷர்னா தோனி, கேள்வியே இல்ல. ஆனா தோனி அந்தப் பதினொன்னுக்குள்ள இருந்தார்ல? ஏழாவதா வந்தாலும் டாஸ் போடறப்பவே அவர் பேரு இருக்கும். இங்க பெஞ்சுல உக்கார வெச்சுட்டு அழகா ஒரு பேரு வெச்சா ஆச்சா?

எனக்குப் பழைய பயம் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடறேன். 2022-23. மார்ச்ல ஸ்போர்ட்டிங் லிஸ்பன் மேட்ச்ல சலிபா முதுகு போச்சு, அதே மேட்ச்ல டோமியாசுவும் போனார். அதுவரைக்கும் லீக்ல கிட்டத்தட்ட ஒரே பதினொன்னு. ரேஷன் கார்டுல பேரு மாதிரி மாறவே மாறாது. சலிபா இடத்துக்கு ஹோல்டிங் வந்தார். அந்த மனுஷனைத் திட்ட எனக்கு மனசு வரல, வருஷம் முழுக்க லீக்ல ஆட விடாம வெச்சுட்டு ஏப்ரல்ல வந்து சாம்பியன் ஆக்குன்னா அவர் என்ன பண்ணுவார்? லிவர்பூல்ல 2-2, வெஸ்ட்ஹாம்ல 2-2, கடைசி எடத்துல இருந்த சவுதாம்ப்டனோட சொந்த ஊர்ல 3-3, அப்புறம் சிட்டியோட எத்திஹாட்ல 4-1 தோல்வி. 248 நாள் மேல இருந்துட்டு ரெண்டாவதா முடிச்சோம். அக்டோபர்ல நம்பாத ஆளை ஏப்ரல்ல நம்ப முடியாது. எனக்கு அப்ப விழுந்த அடி இன்னும் வலிக்குது, அதான் ஈஸே பெஞ்சுல உக்காந்தாலே பதறுது.

---

கணக்குப்பிள்ளை | 23 செப்டம்பர், காலை 7:45

இந்த ஒரு விஷயத்துல நள்ளிரவோட ஒத்துப்போறேன், ஆனா அவர் சொன்ன ஆள் வேண்டாம். சாக்காவை எடுத்துக்கோங்க.

தொடர்ந்து 87 பிரீமியர் லீக் மேட்ச். ஒண்ணு விடாம. பிரீமியர் லீக்ல கிளப்புக்கே சாதனை. அந்த வரிசை எப்ப அறுந்துச்சு? 2023 அக்டோபர்ல லான்ஸ் மேட்ச்ல அடிபட்டு, அடுத்த ஞாயிறு சிட்டியோட ஆடாதப்ப. அந்த மேட்ச் ஞாபகம் இருக்கா? 1-0. லீக்ல 2015 டிசம்பருக்கு அப்புறம் சிட்டியை நாம ஜெயிச்ச முதல் தடவை. 86ஆவது நிமிஷ கோலை இன்னொரு தடவை போட்டுப் பாருங்க: பார்ட்டே பின்னாடியிருந்து தூக்கிப் போட்டார், டோமியாசு தலையால இறக்கினார், ஹாவர்ட்ஸ் தள்ளிவிட்டார், மார்ட்டினெல்லி அடிச்சார், ஆகே மேல பட்டு உள்ள போச்சு. நாலு பேருமே சப். நாலு பேரும்! ஆரம்பத்துல இறங்கின பதினொன்னுல ஒருத்தர் கால்கூட அந்த கோல்ல படல, சிட்டிக்காரர் ஆகேயைத் தவிர.

அதுக்கப்புறமும் பாடம் படிச்சோமான்னா, இல்ல. சாக்கா திரும்ப வந்தார், திரும்ப ஓட்டினோம். 2024 டிசம்பர் 21 பேலஸ் மேட்ச்ல தொடைத்தசை கிழிஞ்சு ஏப்ரல் 1 வரைக்கும் வீட்டுல. ஜனவரில ஜீசஸ் முழங்கால். பிப்ரவரில துபாய் கேம்ப்ல ஹாவர்ட்ஸ். முன்வரிசைன்னு சொல்ல ஆளே இல்ல. தொடைத்தசை திடீர்னு ஒரு நாள் கிழியறதில்ல. களைப்பு சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் வேகமா ஓடறப்ப அறுந்துபோகுது. 3-0ன்னு ஜெயிச்சுட்டு இருக்கற மேட்ச்ல 70ல ஒருத்தரை வெளிய எடுக்கறது யாருக்கும் கண்ணுல படாது, கைதட்டலும் கிடைக்காது. ஆனா அந்த இருபது நிமிஷம்தான் பிப்ரவரிக்குப் போடற டெபாசிட்.

இந்த வருஷம் ஈஸே, மடுவேகே, யோக்கரெஸ், ஸுபிமெண்டி, மொஸ்கேரா, இன்காபியேன்னு ஆளை அள்ளிப் போட்டதே அதுக்காகத்தான். ஆனா பெஞ்ச் நிரம்பினா தலைவலியும் கூடும். பெஞ்சுல ஒன்பது பேர், அதுல பாதிப் பேர் அவங்கவங்க நாட்டு அணில முதல் பெயர்.

---

புதுமுகம்_07 | 23 செப்டம்பர், காலை 9:02

ஒரு சின்ன டவுட். வெளிய போனவர் திரும்ப உள்ள வரலாமா? ஐபிஎல் இம்பாக்ட் பிளேயர் மாதிரியா இது?

---

சிவப்பு_சாத்தான் | 23 செப்டம்பர், காலை 9:10

வெளிய போனா போனதுதான் தம்பி. ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு தண்ணி பாட்டிலை எட்டி உதைக்கலாம், அவ்வளவுதான். தலைல அடிபட்டா அதுக்குத் தனியா ஒரு மாத்து உண்டு, அது அஞ்சு கணக்குல வராது.

---

ஈஸ்ட்ஹாம்காரன் | 25 செப்டம்பர், காலை 6:40

லீக் கப்பில போர்ட் வேல் 0, நாங்கள் 2. நீங்கள் ஒருத்தரும் முழிச்சிருக்க மாட்டியள், அங்க நடுச்சாமம் பன்னிரண்டரைக்குத்தானே தொடக்கம். ஈஸே எட்டாவது நிமிசம் கோல், எங்களுக்காக அவர் போட்ட முதலாவது. ட்ரோசார்ட் 86ல ஒண்டு. நிறைய மாற்றம் செய்த டீம்.

சிட்டி மட்ச்சில சாக்காவுக்கு இடம் விட்ட மடுவேகேக்கு முழங்காலில காயமாம், கொஞ்ச நாளைக்கு இல்லை. அப்ப அந்த இடைவேளை மாற்றத்தில பாதி காயம். நள்ளிரவு, உம்மட வழக்கில இனி மெரினோ ஒருத்தர்தான் எதிரி.

---

நள்ளிரவு_கன்னர் | 25 செப்டம்பர், காலை 9:15

முழிச்சுதான் இருந்தேன். பேரு என்ன வெச்சிருக்கேன் பாருங்க.

சரி. மெரினோ மட்டும்தான். ஞாயித்துக்கிழமை நியூகாசில். ரைஸ், ஸுபிமெண்டி, ஈஸே. மெரினோ பெஞ்சு. இது மட்டும் நடக்கட்டும், நான் இந்தத் திரிலேயே தோப்புக்கரணம் போடறேன்.

---

நெறியாளர் | 25 செப்டம்பர், காலை 11:00

தோப்புக்கரணம் போடுவதற்கு இங்கே வசதி இல்லை. லிவர்பூல் திரியில் நடந்த சண்டையை இங்கே கொண்டுவர வேண்டாம், இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

---

கணக்குப்பிள்ளை | 28 செப்டம்பர், மாலை 5:30

நேத்து பேலஸ் 2, லிவர்பூல் 1. 97ஆவது நிமிஷம் வின்னர் போட்டது யாருன்னு பார்த்தீங்களா? எடி நெகெட்டியா. சப்பா வந்து. நம்ம பெஞ்சுல இத்தனை வருஷம் உக்காந்து கத்துக்கிட்டது வீணாகல.

---

நள்ளிரவு_கன்னர் | 28 செப்டம்பர், இரவு 8:10

ஈஸே ஸ்டார்ட்ஸ். மெரினோ பெஞ்சு. கும்பிடறேன் ஆர்டெட்டா. இந்த ஞாயிறும் துபாய்ல இந்தியா–பாகிஸ்தான், ஃபைனல் வேற. அங்கிளுக்கு முன்கூட்டியே சொல்லிட்டேன், நான் கத்தினா நம்பாதீங்கன்னு.

---

ஈஸ்ட்ஹாம்காரன் | 28 செப்டம்பர், இரவு 9:50

பெனால்டி தந்தவங்கள், வார் எண்ட வீடியோவைப் பாத்துப்போட்டுப் பறிச்சவங்கள். நியூகாசில் கோலி போப் பந்தைத் தொட்டவராம். பிறகு அவங்கட வோல்ட்டமாட தலையால ஒண்டு. 1-0. உம்மட ஈஸே விளையாடுறார், உம்மட பதினொரு பேர்தான் விளையாடுது, அதோடதான் பின்னுக்கு நிக்கிறம்.

---

நள்ளிரவு_கன்னர் | 28 செப்டம்பர், இரவு 9:52

பேசாதீங்க.

---

தூத்தூர் விங்கர் | 28 செப்டம்பர், இரவு 11:04

லேய்ய்ய்ய்ய் மெரினோஓஓஓ

ரைஸ் போட்ட கிராஸ், மெரினோ தலை, 84ஆவது நிமிசம். 90+6ல ஒடகார்ட் கார்னர், கேப்ரியல் தலை. 2-1. மெரினோவும் சப்பு, ஒடகார்டும் சப்பு. செயின்ட் ஜேம்ஸ் பார்க் சத்தம் கேக்காம போயிட்டு.

---

கணக்குப்பிள்ளை | 28 செப்டம்பர், இரவு 11:15

லிவர்பூல் 15, நாம 13. இன்னிக்குத் தோத்திருந்தா 10லயே நின்னிருப்போம்.

மெரினோ பத்தி ஒரு ஞாபகம். பிப்ரவரி 15, லெஸ்டர். முன்வரிசைல ஆளில்லாம 0-0ன்னு இழுத்துக்கிட்டு இருந்தப்ப மெரினோவைக் கடைசி இருபது நிமிஷத்துக்கு ஸ்ட்ரைக்கரா இறக்கினார். 81, 87, ரெண்டு கோல். அன்னிக்கும் சப்பா வந்துதான். ஆறடிக்கு மேல ஒரு மனுஷன், எண்பது நிமிஷமா குனிஞ்சு நிமிர்ந்து களைச்ச பேக் நடுவுல, வேர்வையே படாத சட்டையோட வந்து நிக்கறான். யார் பிடிப்பா?

---

சிவப்பு_சாத்தான் | 28 செப்டம்பர், இரவு 11:21

நள்ளிரவு எங்கப்பா? நீ பெஞ்சுல உக்கார வெக்கச் சொன்ன ஆளு பெஞ்சுலேர்ந்து வந்து உன்னைக் காப்பாத்திட்டான். இப்ப இது உனக்கு வெற்றியா தோல்வியா?

---

நள்ளிரவு_கன்னர் | 29 செப்டம்பர், அதிகாலை 12:40

கிரிக்கெட்டும் முடிஞ்சுது, திலக் வர்மா 69 நாட் அவுட், ஃபைனலை ஜெயிச்சுட்டோம். கத்திக் கத்தித் தொண்டை போச்சு. அங்கிள் ரெண்டு தடவை வெளிய வந்தார், ஒரு தடவை தப்பா.

மெரினோவைப் பெஞ்சுல போடுன்னு நான்தான் சொன்னேன். போட்டார். பெஞ்சுலேர்ந்து வந்து மெரினோ கோல் போட்டார். ஆக நான் சொன்னது சரி. ஈஸேவை மொதல்லேர்ந்து ஆட விடுன்னும் நான்தான் சொன்னேன். விட்டார். 83 நிமிஷம் வரைக்கும் நமக்கு கோல் இல்ல. ஆக நான் சொன்னது தப்பு. கணக்குப்பிள்ளை, இதுக்கு ஏதாவது கணக்கு இருந்தா போடுங்க.

ஒண்ணு மட்டும் புரியுது. நான் மெரினோவைப் பெஞ்சுல வெக்கச் சொன்னது அவர் வேண்டாம்னு. ஆர்டெட்டா வெச்சது 84ஆவது நிமிஷத்துக்கு வேணும்னு. ரெண்டு பேரும் ஒரே காகிதத்துல ஒரே பேரைத்தான் எழுதினோம்.

---

ஹைபரி தாத்தா | 29 செப்டம்பர், காலை 6:20

தோப்புக்கரணம் என்னாயிற்று?

---

நள்ளிரவு_கன்னர் | 29 செப்டம்பர், காலை 9:05

தாத்தா, நெறியாளர் வசதி இல்லைன்னு சொல்லிட்டார்.

புதன் ராத்திரி ஒலிம்பியாகோஸ், பன்னிரண்டரைக்கு. அதுக்கப்புறம் சனிக்கிழமை வெஸ்ட்ஹாம். ரைஸை ஏதாவது ஒண்ணுல உக்கார வெச்சே ஆகணும். நான் சொல்றது ஒலிம்பியாகோஸ்ல. யாராவது மறுக்கறதுன்னா இப்பவே சொல்லிடுங்க, அப்புறம் 84ஆவது நிமிஷம் வந்து சொல்லாதீங்க.